“திரும்பச் சொல்லுங்கள்” என்றே ஹெட்செட் கேட்கிறதா? வாய்ஸ் பிக்கிங் பிழை நீக்கும் வழிமுறை

ஹெட்செட் காதில் சொல்வதைக் கேட்டு, பதிலை வாயாலேயே சொல்லி, ரேக்கிலிருந்து சரக்கு எடுக்கும் முறைதான் வாய்ஸ் பிக்கிங். அது ஓடும் குடோனில் புகார் எப்போதும் ஒரே வாக்கியமாகத்தான் வரும். “அண்ணே, இது நான் சொல்றத கேக்கவே மாட்டேங்குது.” மைக் கெட்டுப்போயிருந்தாலும் இதே வாக்கியம்தான். வைஃபை விழுந்திருந்தாலும் இதேதான். ரேக்கில் லேபிளை மாற்றி ஒட்டியிருந்தாலும் இதேதான். கேட்டவர் உடனே வேறு ஹெட்செட் எடுத்துக் கொடுப்பார். சரியாகவில்லை என்றால் “குரலை மறுபடி பதிவு பண்ணு” என்பார். அதற்கும் அடங்கவில்லை என்றால் “சத்தமாப் பேசுப்பா” என்பார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம், மளிகைச் சரக்கும் குளிர்பதனச் சரக்கும் போய்வரும் ஒரு குடோனில் ஷிஃப்ட் பார்க்கிறவன் நான். இந்த மூன்றையும் வரிசையாகச் செய்துவிட்டு, பழுது வேறெங்கோ இருந்ததை விடியற்காலையில் கண்டுபிடித்த நாட்கள் உண்டு. அதனால் இதை அறிகுறியிலிருந்து தொடங்கி எழுதுகிறேன். உங்கள் பிக்கர், அதாவது சரக்கு எடுப்பவர், என்ன சொல்கிறாரோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

## ஆளா, இடமா, நேரமா?

எதையும் தொடுவதற்கு முன்னால் இந்த மூன்று கேள்வி.

பழுது ஆளோடு போகிறதா? அதே இடத்தில், அதே நேரத்தில், பக்கத்து பிக்கருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடினால், கோளாறு ஹெட்செட்டில், குரல் பதிவில், அல்லது லாகினில் இருக்கிறது. இடத்தோடு போகிறதா? 14ஆம் வரிசையின் கோடிக்கு யார் போனாலும் ஊமையாகிறது என்றால் அது ரேடியோ அல்லது லேபிள். நேரத்தோடு போகிறதா? குடோன் முழுக்க எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் நின்றது என்றால் சர்வரையோ நெட்வொர்க்கையோ குடோன் மென்பொருளையோ பாருங்கள். யாருடைய தொண்டையும் அதற்குக் காரணமில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். புகார் சொன்னவரையும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவரையும் ஒரே லொகேஷனில் நிறுத்துங்கள். ஹெட்செட்டை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கோளாறு ஹெட்செட்டோடு போனால் அத்தோடு முடிந்தது. போகவில்லை என்றால் இருவரையும் வேறு வரிசைக்கு அழைத்துப் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். ஹெட்செட், பேட்டரி, லாகின் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு “சரியாயிடுச்சு” என்றால், எது சரியானது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு வேறு ஆளிடம் வந்து நிற்கும்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: குடோன் மென்பொருளிலிருந்து ஆர்டர், இடுப்பில் மாட்டியிருக்கும் கருவிக்கு வருகிறது. “வரிசை 14, இடம் 62” என்று காதில் சொல்கிறது. பிக்கர் அங்கே போய் லேபிளில் இருக்கும் இரண்டு இலக்கச் செக் டிஜிட்டை (சரியான இடம்தானா என்று சரிபார்க்கும் எண்ணை) வாயால் படிக்கிறார். எண் சரி என்றால் “நான்கு எடுங்கள்” என்கிறது. எடுத்துவிட்டு “நாலு” என்றதும் அடுத்த இடம். கையும் கண்ணும் சரக்கின் மேலேயே இருக்கும். காகிதமும் ஸ்கேனரும் தேவையில்லை என்பதால் மளிகை, பால்பொருள், ஐஸ்கிரீம் குடோன்களில் இது நன்றாக வேரூன்றியிருக்கிறது. 1987இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொடங்கி, 2011இல் இன்டர்மெக்கோடும் 2013இல் ஹனிவெல்லோடும் சேர்ந்த வோகலெக்ட்தான் இதில் பழைய பெயர். அந்த வழியில் வந்த பல அமைப்புகளில் ஒவ்வொரு பிக்கரும் தன் குரலைப் பதிவு செய்ய வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த லிடியா வாய்ஸ் போன்றவை குரல் பதிவு இல்லாமலே யார் பேசினாலும் புரிந்துகொள்ளும் வகை. கீழே “குரல் பதிவு” என்று வரும் இடமெல்லாம் முதல் வகைக்கு உரியது.

## “எதைச் சொன்னாலும் திரும்பச் சொல்லுங்கன்னு கேக்குது”

ஒரே ஆளுக்கு, எல்லாச் சொல்லும் தவறுகிறது என்றால், மைக்கிலிருந்து தொடங்குங்கள். இந்த ஹெட்செட்டின் மைக்குக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு வாசல் உண்டு. தூரத்திலிருந்து வரும் ஃபோர்க்லிஃப்ட் சத்தம் இரண்டு வாசலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நுழையும், அதனால் ஒன்றையொன்று அடித்துவிடும். வாய்க்கு அருகில் இருப்பதால் நம் குரல் மட்டும் முன் வாசலில் அதிகமாக விழும். இந்தக் கணக்கு இரண்டு விஷயத்தை நம்பித்தான் நிற்கிறது. ஒன்று, மைக் வாய்க்கு மிக அருகில் இருக்க வேண்டும். இரண்டு, சரியான பக்கம் வாயைப் பார்க்க வேண்டும்.

வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தடிமன் தள்ளி வைத்தால் சரி. மூச்சு நேராக அடிக்காதபடி, உதட்டுக்கு நேரே இல்லாமல் ஓரமாக இருக்கட்டும். பல மாடல்களில் வாய்ப் பக்கத்தைக் காட்ட ஒரு புள்ளியோ எழுத்தோ இருக்கும். மைக்கின் மேல் பஞ்சு உறை மாட்டியபின் அது மறைந்துவிடும், மைக் தண்டு திரும்பியிருப்பதும் தெரியாது. பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பஞ்சு நனைந்து கனத்திருந்தால் கழற்றி எறியுங்கள், புதிது மாட்டுங்கள். அதைக் கழுவிக் காயவைத்து மிச்சம் பிடிக்க நினைப்பது வீண்.

அடுத்து லாகின். குரல் பதிவு ஆளுக்கு ஆள் வேறு. அவசரத்தில் போன ஷிஃப்ட் ஆள் விட்டுப்போன கருவியை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு, அவருடைய பெயரிலேயே வேலையைத் தொடர்ந்தால், கருவி அவருடைய குரலைத்தான் எதிர்பார்க்கும். சில எண்கள் தற்செயலாகப் பொருந்திப்போகும். அதனால் “அப்பப்ப வேலை செய்யுது, அப்பப்ப செய்யல” என்ற குழப்பமான புகாராக இது வந்து சேரும். கருவியிடம் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, சத்த மாதிரி. வேலை தொடங்கும்போது கருவி சில விநாடி நம்மை அமைதியாக இருக்கச் சொல்லி, சுற்றியிருக்கும் இரைச்சலை அளந்துகொள்ளும். இதில் இரண்டு தவறு நடக்கும். ஏசி ஓடும் ஆபீஸ் அறையில் மாதிரி எடுத்துவிட்டு, லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் டாக்கில் போய் வேலை செய்வது ஒன்று. மாதிரி எடுக்கும்போதே பக்கத்தில் நிற்பவரோடு பேசுவது இன்னொன்று. இரண்டாவதில் கருவி பேச்சையே இரைச்சலாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும், பிறகு பேசினால் அதற்குக் காதில் ஏறாது. வேலை செய்யும் இடத்தில் போய் நின்று, வாயை மூடிக்கொண்டு, மறுபடி ஒருமுறை எடுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின்தான் குரல் பதிவைச் சந்தேகிக்க வேண்டும்.

“சத்தமாப் பேசு” என்ற அறிவுரையைப் பற்றி ஒரு வார்த்தை. இரைச்சலில் நிற்கும்போது மனிதக் குரல் தானாகவே உயர்ந்துவிடும், இழுத்துப் பேசும், தொனியும் மாறும். 1911இல் பிரெஞ்சுக் காது மருத்துவர் எத்தியென் லோம்பார் இதை எழுதிவைத்தார், லோம்பார் விளைவு என்றே அதற்குப் பெயர். குரல் பதிவு அமைதியான குரலில் இருக்கிறது. களத்தில் கத்துகிறோம். கத்தக் கத்தப் பதிவிலிருந்து விலகிப் போகிறோம், அது இன்னும் புரியவில்லை என்கிறது, நாம் இன்னும் கத்துகிறோம். பிக்கரைக் கத்தச் சொல்வது பழுதை வளர்க்கிறது, எட்டு மணி நேரத்தில் தொண்டையையும் புண்ணாக்குகிறது. மைக்கை நெருக்கமாக வையுங்கள், குரலைத் தாழ்த்துங்கள். அப்போதும் சரியில்லை என்றால் களத்தில் வைத்தே, வேலை செய்யும் குரலிலேயே, பதிவை மறுபடி எடுங்கள்.

ஜலதோஷம் பிடித்த நாளில் முழுப் பதிவையும் மாற்றாதீர்கள். மூக்கடைத்த குரல் பதிவாகிவிட்டால் உடம்பு சரியான அன்றிலிருந்து புதுத் தொல்லை தொடங்கும். எந்தச் சொல் ஏறவில்லையோ அதை மட்டும் மாற்றுங்கள், குணமானதும் அதையே திரும்பவும் பதிவு செய்யுங்கள். வாயில் வெற்றிலை அடக்கியிருந்தாலும், முகக்கவசம் போட்டிருந்தாலும் இதே விளைவுதான்.

## “எல்லாம் சரியா வருது, ஒன்னு ரெண்டு எண் மட்டும் ஏறமாட்டேங்குது”

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் பழுது கருவியிலும் இல்லை, ஆளிடமும் இல்லை. நம் நாக்குக்கும் ஆங்கில எண்ணுக்கும் நடுவில் இருக்கிறது.

எங்கள் பக்கம் பெரும்பாலான பிக்கர்கள் எண்களை ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள். பதிவு அறையில் உட்காரவைத்து “எய்ட் சொல்லுங்க” என்றால், பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் அழகாக “எய்ட்” என்பார்கள். பேலட்டைத் தள்ளிக்கொண்டே போகும்போது அது “எயிட்டு” ஆகிவிடும். நைன் “நைனு” ஆகும், ஃபைவ் “ஃபைவு” ஆகும். மெய்யெழுத்தில் முடியும் வேற்றுமொழிச் சொல்லுக்கு ஓர் உகரம் சேர்த்து முடிப்பது தமிழ் நாக்கின் இயல்பு. அதைக் குறை என்று நினைத்துத் திருத்தப் பார்ப்பவர்கள் தோற்றுத்தான் போவார்கள், திருத்தவும் தேவையில்லை. களத்தில் எப்படிச் சொல்வாரோ அப்படியே பதிவு செய்யச் சொல்லுங்கள். “எயிட்டு” என்று பதிவாகியிருந்தால் “எயிட்டு” என்பது நூறு சதவீதம் சரியான சொல்தான். குரல் பதிவு உள்ள அமைப்புக்கு மொழி தெரியாது, ஒலி மட்டும்தான் தெரியும். “ரெடி” என்ற சொல்லுக்கு “சரி” என்றே பதிவு செய்து வேலை பார்க்கிறவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகள் அவர்கள் மொழி எண்களிலேயே பதிந்துவைத்திருக்கிறார்கள்.

குளிர் அறையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவருக்கு மூன்று நாளாகச் சில இடங்களில் மட்டும் நின்றுபோனது. ஹெட்செட் மாற்றியாயிற்று, பதிவும் எடுத்தாயிற்று. கடைசியில் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“அக்கா, இந்த லேபிள்ல என்ன இருக்கு?”

“நாப்பத்தி நாலு தம்பி.”

“அதுகிட்ட எப்படிச் சொன்னீங்க?”

“டபுள் ஃபோர்னுதான். ஃபோன் நம்பர்லாம் அப்படித்தான சொல்லுவோம்?”

அவர் நின்றுபோன இடங்களைப் பட்டியல் எடுத்தால் 44, 77, 22, 11. எல்லாமே இரட்டை. கருவிக்கு “டபுள்” என்ற சொல்லே தெரியாது. இதற்கு இரண்டு வழி உண்டு. அக்காவை “ஃபோர் ஃபோர்” என்று சொல்லப் பழக்கலாம். அல்லது இரட்டை எண்களையே செக் டிஜிட்டிலிருந்து எடுத்துவிடலாம். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். 100 எண்களில் 10தான் குறைகிறது, அந்த 10 போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஃபைவும் நைனும் இன்னொரு ஜோடி. நடுவில் இருக்கும் “ஐ” ஒலி ஒன்றே, இரைச்சலில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அடிபட்டுப் போனால் மிஞ்சுவது அதுதான். விமானிகள் வானொலியில் 5ஐ “ஃபைஃப்” என்றும் 9ஐ “நைனர்” என்றும் சொல்வதும் இரைச்சலில் எண்கள் குழம்பாமல் இருக்கத்தான். நீங்களும் 9க்கு “நைனர்” என்றோ “ஒம்போது” என்றோ பதிவு செய்துகொள்ளலாம். தமிழ் எண்களில் சொல்கிறவர்களுக்கு “ஒண்ணு”, “மூணு” குழம்பும். பூஜ்யத்துக்கு ஜீரோ, சைபர், ஓ என்று மூன்று வழக்கு உண்டு. பதிவில் எது இருக்கிறதோ அதை மட்டுமே நாள் முழுக்கச் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

## “நான் வாயே திறக்கல, அது எண்ணைப் பதிஞ்சுக்குது”

மூச்சுக் காற்று, ஹாரன், டாக்கில் ரோலர் ஷட்டர் இறங்கும் சத்தம், இவையெல்லாம் குறுகிய சொற்களாகக் கேட்கும். முதலில் மைக்கை மூக்குக்கும் உதட்டுக்கும் நேரிலிருந்து ஓரத்துக்கு நகர்த்துங்கள், பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சத்த மாதிரி. அதன் பிறகும் தொடர்ந்தால் எந்தச் சொல்லாகப் பதிகிறது என்று கவனியுங்கள். எப்போதும் ஒரே சொல் என்றால் அந்தச் சொல்லின் பதிவுக்குள் மூச்சோ இரைச்சலோ கலந்துவிட்டது. அதை மட்டும் மாற்றுங்கள். “ம்”, “ஆ” போன்ற ஓரெழுத்து ஒலிகளை எதற்கும் பதிவு செய்யாதீர்கள்.

பக்கத்து ஆளோடு பேசுவதும் காரணமாக இருக்கும். கருவியைத் தூங்கவைக்கும் சொல் ஒன்று ஒவ்வோர் அமைப்பிலும் உண்டு. ஒரு வார்த்தை பேசினாலும் அதைச் சொல்லிவிட்டுப் பேசுவது பழக்கமாக வேண்டும். டீ நேரத்தில் மைக்கை மேலே தூக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் திரும்பி வரும்போது ஆர்டரில் இரண்டு வரி எடுத்ததாகப் பதிவாகியிருப்பதைப் பார்ப்பார்கள்.

## “குனிஞ்சா கரகரன்னு வருது, அறுந்து அறுந்து கேக்குது”

கம்பியில்லா ஹெட்செட் என்றால் இதற்கு எளிய காரணம் உண்டு. கருவி வலது இடுப்பில், ஹெட்செட்டின் ரேடியோ இடது காதில் என்று மாட்டியிருப்பார்கள். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. உடம்பில் இருக்கும் நீர் அந்த அலையை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். குனியும்போது இடுப்புக்கும் காதுக்கும் நடுவில் முழு உடம்பும் வந்துவிடும். இரண்டையும் ஒரே பக்கத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கம்பி வைத்த ஹெட்செட் என்றால் இணைப்பு முனையில் விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது சத்தம் போய் வந்தால் கம்பி போய்விட்டது.

## “நடுவுல அப்படியே நின்னுடுது”

எண்ணிக்கை சொன்னபின் அடுத்த இடம் வரவில்லை, பத்து இருபது விநாடி மௌனம். இதில் எல்லோரும் முதலில் செய்வது ஸ்பீட் டெஸ்ட். அதனால் பயனில்லை. எங்களுடையது போன்ற அமைப்பில் குரலைப் புரிந்துகொள்ளும் வேலை இடுப்புக் கருவியிலேயே முடிந்துவிடுகிறது. வைஃபையில் போவது சில எழுத்துகளும் எண்களும்தான், அதற்கு வேகம் தேவையில்லை. தேவை, நடந்துகொண்டே இருக்கும் கருவி ஓர் ஏக்சஸ் பாயின்டிலிருந்து (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) அடுத்ததற்கு அறுபடாமல் தாவுவது.

பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். உடனே பேசத் தொடங்கினால் நின்ற இடத்தில் சிக்னல் பள்ளம் இருக்கிறது. அந்த லொகேஷனைக் குறித்துக்கொண்டு சிக்னலை அளந்து பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. அளக்கும்போது ரேக் எந்த நிலையில் இருந்தது என்பதும் முக்கியம். புதுக் குடோனில் காலி ரேக்கை வைத்து அளந்துவிட்டுப் போயிருப்பார்கள். தீபாவளிக்கு முன்னால் தண்ணீர் பாட்டிலும் எண்ணெய் டின்னும் கூரை வரை ஏறியபின், அதே வரிசை வேறு கட்டடம் மாதிரி ஆகிவிடும். நீர் அலையைக் குடிக்கும், தகரம் திருப்பி அடிக்கும். ஐப்பசியில் மட்டும் வரும் வைஃபை பழுதுக்கு இதுதான் காரணம்.

சிக்னல் நன்றாக இருக்கிறது என்று காட்டியும் நிற்கிறது என்றால், ஏக்சஸ் பாயின்டின் திறனைக் கூட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். “சிக்னல் போதல” என்று யாரோ சொல்ல, முழுத் திறனுக்கு ஏற்றியிருப்பார்கள். அது கத்துவது கருவிக்குக் கேட்கும். இடுப்பிலிருந்து கருவி முணுமுணுப்பது அதற்குக் கேட்காது. கருவியோ பலமான சிக்னல் இருக்கிறதே என்று பழைய இடத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும், பக்கத்தில் இருப்பதற்குத் தாவாது. திறனைக் குறைத்ததும் சரியான வரிசைகள் எங்களிடம் உண்டு.

குடோன் முழுக்க ஒரே நேரத்தில் நின்றது என்றால் கதை வேறு. மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் அதே மணி என்றால் அந்த நேரத்தில் சர்வரில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். ஆர்டர் மொத்தமாக விடுவிப்பது, பேக்கப், பெரிய ரிப்போர்ட், இவற்றில் ஒன்று இருக்கும். ஷிஃப்ட் தொடக்கத்தில் மட்டும் பத்துப் பதினைந்து கருவிகள் இணையவே மறுக்கின்றன என்றால், நெட்வொர்க் முகவரி தீர்ந்துபோயிருக்கலாம். ஊழியர்களின் ஃபோன்களும் அதே வைஃபையில் இருந்தால், பொதுவாகக் கிடைக்கும் 254 முகவரி வேகமாகக் கரையும். ஒரு காலையில் ஒரு கருவிகூட இணையவில்லை என்றால் வைஃபை சான்றிதழின் (நெட்வொர்க்கில் நுழையத் தேவைப்படும் டிஜிட்டல் அடையாளச் சீட்டு) காலாவதித் தேதியைப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் இணையவில்லை, பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்த கருவிகள் அவை என்றால், அவற்றின் கடிகாரம் பின்னால் போயிருக்கும். சான்றிதழ் அவற்றுக்கு இன்னும் பிறக்கவே இல்லாததுபோல் தெரியும்.

## குளிர் அறையில் மட்டும் வரும் தொல்லை

மைனஸ் 18 டிகிரியில் மூச்சின் ஈரம் மைக் பஞ்சிலேயே உறைந்துபோகும். ஒரு மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு மெல்ல மெல்லக் காது மந்தமாவதுபோல் இருந்தால் அது உறைந்த பஞ்சு. உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில், இரண்டு மாற்றுப் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கருவியை ஜாக்கெட்டுக்கு வெளியே மாட்டுவதற்குப் பதிலாக உள்ளே மாட்டினால் பேட்டரியும் நீடிக்கும். லித்தியம் பேட்டரி குளிரில் தன் கொள்ளளவில் ஒரு பங்கை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும், வெளியே வந்து சூடானதும் திரும்பக் கொடுக்கும். உள்ளே “பேட்டரி குறைவு” என்றது வெளியே வந்ததும் பாதி காட்டுவது இதனால்தான், மீட்டர் பொய் சொல்லவில்லை.

ஆனால் சில்லென்றிருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜில் போடுவது பெரிய தவறு. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும், ஆபத்தும் உண்டு. அறைச் சூட்டுக்கு வரும்வரை மேசையில் கிடக்கட்டும். வெளியே வந்ததும் கருவி வேர்த்துப்போகும், சென்னைப் பக்கத்துப் புழுக்கத்தில் சொட்டவே செய்யும். இணைப்பு முனைகளைத் துடைத்துவிட்டுத்தான் சார்ஜரில் வைக்க வேண்டும்.

## “எண் சரின்னு சொல்லிடுச்சு, ஆனா சரக்கு தப்பு”

பிக்கர்கள் இதைப் புகாராகக் கொண்டுவரமாட்டார்கள். கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கில்தான் இது தெரியும். மற்ற எல்லாப் பழுதையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்றவை வேலையை நிறுத்தும், ஆகவே நம் கண்ணில் படும். இது நிற்காமல் ஓடிக்கொண்டே கெடுக்கும்.

ஒருமுறை ஒரே நிறுவனத்தின் எண்ணெய், 1 லிட்டர் கேட்டவர்களுக்கு 500 மில்லி போய்க்கொண்டிருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடம், அட்டைப்பெட்டி ஒரே நிறம். எடுத்தவர் எங்களிடம் இருப்பவர்களிலேயே மூத்தவர், வேகமானவர். ஒரு மணி நேரம் அவர் பின்னால் நடந்தேன். ஹெட்செட் இடத்தைச் சொன்னதும், வரிசை முனையில் திரும்பும்போதே “மூணு ஏழு” என்றார். லேபிள் இன்னும் இருபதடி தள்ளி இருந்தது. தினமும் நாற்பது முறை போகும் இடம், எண் மனப்பாடம். அவர் வாய் சரியான எண்ணைச் சொன்னது, கை பழக்கத்தில் பக்கத்துப் பெட்டியை எடுத்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணிக்கு எத்தனை வரி என்று நாங்கள்தான் பலகையில் எழுதிப் போடுகிறோம்.

செக் டிஜிட்டை அடிக்கடி மாற்ற வேண்டும். வேகமாக நகரும் சரக்கு இருக்கும் இடங்களுக்கு மட்டுமாவது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாற்றும்போது லேபிளும் மென்பொருளும் ஒரே இரவில், ஒரே வரிசைக்குச் சேர்ந்து மாற வேண்டும். பாதி லேபிளை ஒட்டிவிட்டு மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் அடுத்த அறிகுறிக்கு விதை போட்டதாகிவிடும். இட எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தையே செக் டிஜிட்டாக வைக்காதீர்கள், அது பார்க்காமலே சொல்லக்கூடிய எண். அடுத்தடுத்த இடங்களுக்கு 31, 32, 33 என்று வரிசையாகவும் வேண்டாம். 5,000 இடமுள்ள குடோனில் இரண்டு இலக்க எண் ஒவ்வொன்றும் சராசரியாக 50 முறை திரும்ப வரும். ஒரே எண் ஒரே வரிசையில் எதிரெதிரே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் மூன்று இலக்கத்துக்குப் போங்கள்.

ஒரே முகமுள்ள சரக்குக்கு இன்னொரு வழி, பெட்டியின் பார்கோடு எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தைப் படிக்கச் சொல்வது. எல்லாவற்றுக்கும் இதை வைத்தால் வேலை ஊர்ந்துவிடும். திரும்பி வந்த சரக்கின் பட்டியலைப் பார்த்து, குழம்பும் பத்து இருபது சரக்குக்கு மட்டும் வையுங்கள். அதற்கும் முன்னால், 1 லிட்டரையும் 500 மில்லியையும் பக்கத்தில் வைக்காமல் பிரித்துவிடலாம். நாங்கள் முதலில் செய்தது அதுதான், செலவே இல்லை.

## “லேபிள்ல இருக்கறதத்தான் சொல்றேன், தப்புங்குது”

இடத்தோடு போகும் பழுது. லேபிள் கிழிந்து 8 என்பது 3 ஆகத் தெரிகிறதா, ரேக்கின் கீழ்த்தட்டு லேபிளை மேல்தட்டுக்குப் படிக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் மென்பொருளில் அந்த இடத்துக்கு எந்த எண் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். வேறாக இருந்தால் அந்த ஓர் இடத்தை மட்டும் திருத்திவிட்டு நகராதீர்கள். லேபிள் தாளில் ஒன்று தவறி ஒட்டப்பட்டால் அதன் பிறகு வரும் எல்லாமே ஒவ்வொன்று தள்ளிப்போயிருக்கும். இரண்டு பக்கமும் ஐந்தைந்து இடம் சரிபாருங்கள்.

சரக்கே இல்லை என்று பிக்கர் “ஷார்ட்” சொல்வது வாய்ஸ் பழுதல்ல. மேல்தட்டில் இருக்கும் பேலட்டை இறக்க ரீச் டிரக் வரவில்லை. அதை நிரப்பும் குழுவிடம் பேசுங்கள்.

## “காது வலிக்குது, தலை கனக்குது”

இதைச் சொல்பவரைச் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். ஒலியளவு முழுக்க ஏற்றியிருக்கும், ஏனென்றால் பேச்சு வேகம் அவருக்குப் பிடிபடவில்லை. வேகத்தைக் குறையுங்கள், ஒலியை அவரே இறக்கிக்கொள்வார். புதியவர்களுக்கு மெதுவாக வைத்து, வாரம் ஒரு படி ஏற்றலாம். ஒரு காதுக்கு மட்டும் ஒலி வரும் ஹெட்செட்டே நல்லது, மற்றக் காது ஃபோர்க்லிஃப்ட் வருவதைக் கேட்க வேண்டும். காதுப் பஞ்சும் மைக் பஞ்சும் ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதிய உறையில். பொதுவில் போட்டு எடுத்தால் காதில் புண் வரும்.

## நிறுவனத்துக்கு ஃபோன் போடும் முன்

இவ்வளவுக்கும் மசியாத பழுது என்றால் வெளியே அழைக்கத்தான் வேண்டும். அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: சரியான மணி, கருவி எண், பிக்கரின் லாகின், நின்றிருந்த லொகேஷன், கடைசியாக ஹெட்செட் சொன்ன வாக்கியம், அதற்குப் பிக்கர் சொன்ன பதில், சொல் மாறாமல். இந்த ஆறையும் ஷிஃப்ட் நோட்டில் எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்த மாதத்தில், 22ஆம் வரிசை என்று மட்டும் பதினோரு பதிவு வந்திருந்தது. பதினோரு பேர், பதினோரு கருவி, வெவ்வேறு மணி. இடம் மட்டும் ஒன்று. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் ஏக்சஸ் பாயின்டுக்குப் போகும் கேபிளை எலி கடித்திருந்தது, இரண்டு இழைதான் மிச்சம். நான்கு பேருக்குக் குரல் பதிவை மறுபடி எடுத்திருந்தோம். மறுநாள் அவர்களை அழைத்து, உங்கள் குரலில் ஒன்றுமில்லை, கேபிள்தான் போயிருந்தது என்று சொல்லி, பழைய பதிவையே திரும்ப ஏற்றிக் கொடுத்தேன்.